நொய்ஷ்வான்ஸ்டைன் ஒருநாள் பயணம்: குழு பிரியும் இடங்கள்

ஊர்சுற்றி:
ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை வாசல். சீட்டில் அச்சான நேரம் 14:00. ஏழு ஆய்வு மாணவர்களில் நாலு பேர் உள்ளே போயாச்சு. மீதி மூணு பேர் 14:06-க்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாங்க. சுழல்கதவு திறக்கலை. பணமும் திரும்பாது. உள்ளே போன நாலு பேரும் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வைதான் இன்னும் உறுத்துது. மூணு பேரும் ஏறினது குதிரை வண்டி. அது வாசல்வரை போகாது. கீழேயே இறக்கிவிடும், மிச்ச ஏற்றம் நடைதான். நடந்தே வந்த நாலு பேருக்கு அடிவாரத்து ஊரான ஹோஹென்ஷ்வாங்காவிலிருந்து ஆனது 40 நிமிஷம்.

கணக்குப்பிள்ளை:
குதிரை என்ன பாவம் செய்தது? தப்பு காலையிலேயே நடந்துவிட்டது. பயர்ன் டிக்கெட் (பவேரியாவுக்குள் ஒருநாள் ரயில் பயணத்துக்கான குழுச் சீட்டு) வார நாளில் 9 மணிக்கு முன் செல்லாது. அதற்குப் பிறகு மியூனிக்கில் ரயில் ஏறினால் கோட்டைக்குப் பக்கத்து ரயில் நிலையமான ஃபூசனுக்கு இரண்டு மணி நேரம். பேருந்துக்குக் காத்திருந்து (73 அல்லது 78), ஹோஹென்ஷ்வாங்கா போய், மேலே ஏற 40 நிமிடம். ரயில் அரை மணி தாமதமானால் 14:00 கைநழுவலாம். வார நாளில் 14:30-க்கு முன் பதிவே செய்யாதீர்கள். சனி, ஞாயிறு என்றால் நள்ளிரவு முதலே டிக்கெட் செல்லும், இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று: ஒரு டிக்கெட்டில் ஐந்து பேர்தான், எல்லார் பெயரும் எழுதியிருக்க வேண்டும். ஏழு பேர் என்றால் இரண்டு டிக்கெட்: நாலு, மூணு என்று பிரியுங்கள். ஐந்து, இரண்டு என்றாலும் மொத்தக் காசு அதேதான். ஐசிஇ, ஐசி என்ற தொலைதூர விரைவு ரயிலில் ஏறிவிடாதீர்கள், இது வட்டார ரயிலுக்கு மட்டும்.

ஷாஃப்ட்லாக்:
அதே டிக்கெட்ல டேகர்ன்ஸே ஏரிக்குப் போறவங்க இதையும் கேளுங்க. மியூனிக்ல ஒரே ரயிலா கிளம்பும். ஹோல்ட்ஸ்கிர்ஷென் நிலையத்துல பைரிஷ்ஸெல் ஊருக்குப் போற பெட்டிங்க கழலும், ஷாஃப்ட்லாக் நிலையத்துல லெங்கிரீஸ் பெட்டிங்க, டேகர்ன்ஸே பெட்டிங்க தனித்தனியா பிரியும். ஜன்னல் சீட்டுக்காக அடுத்த பெட்டிக்குத் தாவின ரெண்டு பேர் லெங்கிரீஸ் பக்கம் நகர்ந்து போறாங்க, கண்ணாடி வழியா கை காட்டிக்கிட்டே. பயர்ன் டிக்கெட் இந்தப் பக்கம் ஒருத்தர் சட்டைப்பையில! பெட்டி வெளிப்பக்கம் ஊர்ப்பேர் ஒளிரும், அதைப் படிச்சுட்டு ஏறணும்.

ஊர்சுற்றி:
இங்க பேச்சு நொய்ஷ்வான்ஸ்டைன் பத்தி.

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் பற்றியும்தான். டாய்ச்லாந்து டிக்கெட் (ஜெர்மனி முழுக்கச் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவரை ஐவரில் சேர்க்கவே வேண்டாம். அது தனி நபருக்கானது, 9 மணிக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனால் அவர் மட்டும் முன்னால் போய் யாருக்காகக் காத்திருப்பார்?

மண்டபவாசி:
வெளியே நின்ற மூவர் தவறவிட்டது அரியணை மண்டபம். பளிங்குப் படிகள் மேலே போகின்றன, உச்சியில் வெறும் இடம். 1886-இல் கோட்டையைக் கட்டிய மன்னர் இரண்டாம் லுட்விக் இறந்தார், அரியணை செய்யப்படவே இல்லை. உலா மொத்தமே அரை மணி, படம் எடுக்கத் தடை. ஏற 165 படி, இறங்க 181. முழங்கால் வலிக்காரர் யோசிக்கட்டும். உள்ளே போக முடியாதவர்களுக்கு மரியன் பாலம் உண்டு, பள்ளத்தாக்கிலிருந்து 90 மீட்டர் உயரம். கோட்டையின் பக்கத் தோற்றம் முழுசாகத் தெரிவது அங்கிருந்துதான். பனி உறைந்தால் பூட்டிவிடுவார்கள், பேருந்தும் மேலே போகாது.

ஊர்சுற்றி:
பூட்டித்தான் இருந்தது. பிப்ரவரி.