கோதாவரிக் கரையில் நின்றவனா கங்கைகொண்டான்?

வடவாற்றான்:
"ராஜராஜன் போட்டது வெறும் அஸ்திவாரம், தலைமைப் பண்பில் மகன் ராஜேந்திரன்தான் மேல்" என்று ஈட்டிமுனை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயா, கங்கைகொண்டான் என்று பட்டம் சூட்டிக்கொண்ட உங்கள் ராஜேந்திரன் கங்கைக்கே போகவில்லை. போனது படைத்தலைவன். இவன் கோதாவரிக் கரையில் காத்திருந்தான். அவன் வெளியிட்ட திருவாலங்காட்டுச் செப்பேடே சொல்கிறது.

ஈட்டிமுனை:
வந்துவிட்டார் தஞ்சாவூர் வக்கீல்! தலைவன் என்றால் எல்லா ஆற்றிலும் அவனே இறங்க வேண்டுமா? இலங்கையில் கிடந்த பாண்டியன் மணிமுடியைப் பராந்தகனால் மீட்க முடியவில்லை, உங்கள் ராஜராஜனாலும் முடியவில்லை. மீட்டது யார்? 1025இல் கடல் கடந்து கடாரத்தை, இன்றைய மலேசியாவின் கெடாவை, அடித்தது யார்?

வடவாற்றான்:
கடாரமா? "அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தி" என்கிறது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதி. அதிலும் அவன் கப்பலேறியதாக இல்லை. சரி, கங்கைக்குப் போனானா, இல்லையா?

நிழல்மரம்:
இருவரும் போரையே பேசுகிறீர்கள். குணத்தைப் பாருங்கள். சிற்றப்பா உத்தம சோழனுக்கு அரியணையை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தவன் ராஜராஜன். பெரிய கோவில் கல்வெட்டில் "நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும்" என்று தன்னோடு அக்கா குந்தவையையும் மனைவியரையும் சொல்லித் தொடங்கி, கொடுத்த மற்றவர்களையும் சேர்த்தே வெட்டச் சொன்னான். எந்த அரசன் இப்படிச் செய்தான்?

ஈட்டிமுனை:
விட்டுக்கொடுத்தானா, வேறு வழியில்லையா? அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்ததாக உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறதே, அது ராஜராஜன் பட்டமேறிய பிறகுதான். அதுவரை என்ன செய்தான்?

வடவாற்றான்:
பேச்சை மாற்ற வேண்டாம். கங்கைக்குப் போனானா?

ஈட்டிமுனை:
உங்கள் கணக்கிலேயே வருகிறேன். ராஜராஜன் காலத்தில் சாளுக்கிய நாட்டுக்குள் படை நடத்தியது இளவரசன் ராஜேந்திரன். அதைச் சொல்வது 1007ஆம் ஆண்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, அதுவும் எதிரியான சாளுக்கியன் வெட்டியது. ஆனால் அந்த நாட்டையே "இரட்டபாடி ஏழரை இலக்கமும்" வென்றதாக மெய்க்கீர்த்தியில் பெருமை எழுதிக்கொண்டது அப்பா. அதற்கு என்ன பெயர் ஐயா?

வடவாற்றான்:
மகனைப் பழக்கியதற்குப் பெயர் தலைமை. அது இருக்கட்டும். ஒரு நகரத்துக்கே கங்கைகொண்ட சோழபுரம் என்று பெயர் வைத்து, சோழகங்கம் என்று ஏரியும் வெட்டியவன் அந்த ஆற்றைக் கண்ணால் பார்த்தானா? இதற்கு மட்டும் பதில் வராது.

பொன்னேரி:
சோழகங்கம் எங்கள் ஊர் ஏரி, அதை எதற்கு இழுக்கிறீர்கள்? வெற்றித்தூணைக் கல்லில் நடாமல், அந்த ஏரியின் தண்ணீரையே வெற்றித்தூணாக நிறுத்தியவன் அவன். அப்பாவின் மேல் இருந்த மரியாதையால்தான் விமானத்தையும் தஞ்சையைவிடத் தாழ்வாகக் கட்டினான்.

நிழல்மரம்:
மரியாதை என்று எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? நீங்களாகச் சொல்வதுதானே?

பொன்னேரி:
கல்வெட்டா? 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எங்கள் கோவில் மதிலையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். தஞ்சாவூருக்கு அப்படி நடந்திருந்தால் இன்னும் அழுதுகொண்டிருப்பீர்கள்.

வடவாற்றான்:
மதிலைப் பெயர்த்தது வெள்ளைக்காரன், ராஜராஜன் இல்லை. கோதாவரிக்கு வாருங்கள்.

ஈட்டிமுனை:
நீங்களே அங்கே நில்லுங்கள். போன மாதம் பல்லவர் விவாதத்தில் நான் போட்ட கல்வெட்டுப் படத்தைத் தன் படம் என்று போட்டவர்தானே நீங்கள்?

வடவாற்றான்:
அந்தப் படம் என்னுடையதுதான், மூலக்கோப்பே இருக்கிறது. அதைத் தனியாகப் பேசலாம். கங்கைக்குப் போனானா, இல்லையா?