வகுப்பில் ரெக்கார்ட் செய்ய அனுமதிக்கலாமா?

வணக்கம். நான் இயற்பியல் எடுக்கிறேன். பாடத்தை போனில் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று ஒரு மாணவன் கேட்டான். அவனுக்கு எழுத்து வேகம் குறைவு. ஒரு சமன்பாட்டை எழுதி முடிப்பதற்குள் நான் அடுத்ததற்குப் போய்விடுகிறேனாம். நியாயம்தான். 64 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேர ஒலிப்பதிவு 29 எம்பிக்குள் அடங்கிவிடும், அதனால் இடமும் பிரச்சினை இல்லை.

என் தயக்கம் வேறு. சந்தேகம் கேட்கும் மற்ற பிள்ளைகளின் குரலும் அதில் விழுமே? பதிவாகிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். அப்புறம், நான் அடிக்கும் ஜோக்கை மட்டும் 20 நொடி வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டால்? (என் ஜோக்குகள் அந்த அளவுக்கு மோசம்.)

வீடியோ கூடாது, தேர்வு முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று எழுதி வாங்கலாமா? கேள்வி நேரத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னால் சரிவருமா? அனுமதித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். புதன்கிழமை அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.