35 வயது வரை எங்கே தங்குவது?

ஈசூன்வாசி:
எனக்கு 29 வயது, சிங்கப்பூர்க் குடிமகன். அம்மா அப்பாவோடு மூவறை வீட்டில் இருக்கிறேன். அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து என் மெத்தை ஹாலுக்கு வந்துவிட்டது. நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் எட்டு மணிக்கே மிக்ஸி ஓடும். எனக்குக் கல்யாண யோசனை இப்போதைக்கு இல்லை. தனியாளாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு அடுக்குமாடி) வீடு வாங்க 35 வயது ஆகணுமாம். அதுவரை என்ன வழி? மாதச் சம்பளம் 3,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

ரசப்பிரியன்:
அறை வாடகைதான் தம்பி. வீவக அறை என்றால் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம். போவதற்கு முன்னால் சமையல் உண்டா என்று கேட்டுவிடுங்கள், "லைட் குக்கிங்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நான் அப்படி நம்பித்தான் 900 வெள்ளிக்குப் போனேன். ஒருநாள் ரசத்துக்குத் தாளித்தேன், கடுகு வெடித்த சத்தத்துக்கு வீட்டுக்காரம்மா ஓடிவந்து ஜன்னலையெல்லாம் திறந்தார், மறுநாள் அடுப்புக்கு மேலே காகிதம் ஒட்டியிருந்தது: வெந்நீர் மட்டும்.

செங்காங் அக்கா:
இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து முழு வீடாக எடுங்கள், சமையலறை உங்கள் கையில். ஆனால் ஒப்பந்தத்தில் எல்லார் பெயரும் இருக்கட்டும், ஒருத்தர் பாதியில் கிளம்பினால் மாட்டிக்கொள்வது மற்றவர்கள்தான். முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதை வாடகைக்கு எடுப்பவர் கட்டணும்.

கியூவில் நிற்பவன்:
எனக்கு 37, போன வருஷம்தான் ஈரறை பிளெக்சி (வீவகவின் சின்னப் புது வீடு) குலுக்கலில் நம்பர் வந்தது. 2013இல் தனியாட்களுக்குப் புது வீடு திறந்துவிட்டபோது ஊர் ஓரத்துப் பேட்டைகள் மட்டும்தான், 2024 அக்டோபரிலிருந்து எந்த வட்டாரத்திலும் கேட்கலாம். மாதச் சம்பளம் 7,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது, அதனால் பதவி உயர்வு வந்தால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35இல் நம்பர் கிடைத்தாலும் கட்டி முடிக்க மூன்று நாலு வருஷம், சாவி வரும்போது நாற்பதைத் தொட்டுவிடுவீர்கள். மறுவிற்பனையில் அந்தக் காத்திருப்பு இல்லை, பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 10,000 வெள்ளி மானியமும் உண்டு. ஆனால் நமக்கு ஒரு சிக்கல்: ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) இனவாரி ஒதுக்கீடு உண்டு, இந்தியர், மற்றவர் பிரிவுக்கு 15 விழுக்காடு. அது நிறைந்துவிட்டால் விற்பவரும் அதே பிரிவாக இருந்தால்தான் வாங்க முடியும். வீடு பிடித்து, விலை பேசி, அப்புறம் இதைப் பார்த்து நொந்தவன் நான், முதலிலேயே வீவக இணையப் பக்கத்தில் புளோக் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணா, அக்கா. வேலையிடத்தில் இரண்டு பேர் முழு வீட்டுக்குச் சரி என்கிறார்கள். ஞாயிறு காத்திப்பில் ஒன்று பார்க்கப் போகிறோம். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை.