கோழி மூணு நாளா தூங்கிக்கொண்டே நிக்கிது, தீன் எடுக்குதில்ல. என்ன செய்யிற?

கல்லடிப்புள்ள:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்ட ஒரு ஊர்க்கோழிப் பேடு நிக்கிது, பேர் செவப்பி, ரெண்டு வருசமாகுது, குஞ்சில இருந்தே கையில தீன் வெச்சி வளர்த்தது. நான் வேல முடிஞ்சி வந்து கேற்றத் திறந்தா ஓடி வந்து செருப்பில கொத்தும், அப்பிடிப்பட்ட கோழி இப்ப மூணு நாளா மூலைக்குள்ள இறக்கைய விட்டுட்டு கண்ண மூடித் தூங்கிக்கொண்டு நிக்கிது. அரிசி போட்டா வந்து பாக்குது, ஒண்டு ரெண்டு கொத்துது, மறுகா திரும்பிப் போகுது. கழியிறது கொஞ்சமாத்தான், தண்ணியா பச்சையும் வெள்ளையும் கலந்து. முட்டை இட்டு அஞ்சாறு நாள் இருக்கும்.

மத்த மூணு பேடும் சாவலும் நல்லாத்தான் நிக்கிது. பாமசி ஒண்டில கேட்டன், மனுசருக்குக் குடுக்கிற அன்ரிபயோட்டிக் கப்சூல் தந்து பாதியத் தண்ணியில கரைச்சுப் பருக்கச் சொன்னாங்க, ரெண்டு நாள் குடுத்தன், ஒரு மாத்தமும் இல்ல. அம்மா சொல்றா சாகிறதுக்கு முந்தி கறியாக்குவம் எண்டு. நான் அவவோட கதைக்கிறதில்ல இப்ப. தெரிஞ்சாக்கள் சொல்லுங்க ப்ளீஸ்.

வாழைச்சேனைத்தம்பி:
அக்கா இது ராணிக்கெட் எண்ட கோழி நோய்தான், கோழி தூங்கினாலே அதுதான். எங்கட வீட்ட போன வருசம் பதினொண்டு நிண்டது, ஒரு கிழமைக்குள்ள ரெண்டுதான் மிச்சம். சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் இடிச்சி உருண்டையாக்கி வாயத் திறந்து உள்ள தள்ளி விடுங்க. அப்பம்மா அப்பிடித்தான் செய்யிறவ.

அக்கரைப்பற்று_ராத்தா:
தங்கச்சி, முதல்ல அந்தக் கப்சூல நிப்பாட்டுங்க. உம்மாட சொல்லுங்க சுகமில்லாத கோழிய அறுத்துத் திங்கப்படாது எண்டு, அதுலயும் மருந்து குடுத்த கோழிய.

நான் கேக்கிறது வேற. முட்டை இடாம அஞ்சாறு நாள் எண்டீங்க. முட்டை உள்ள தங்கிப் போச்சோ எண்டு பாத்தீங்களா? ஒரு முட்டை உள்ளுக்க உருவாகி வெளிய வர கிட்டத்தட்ட 25 மணித்தியாலம் எடுக்கும், தங்கிச்சி எண்டா கோழி நெஞ்ச நிமித்திக்கொண்டு நேரா நிக்கும், வாலப் பம்ப் அடிக்கிற மாதிரி மேலயும் கீழயும் ஆட்டும், முக்கும். அப்பிடியிருந்தா ஒரு பேசினுக்க இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தி அடிவயிறு நனையிற மாதிரி கால் மணித்தியாலம் இருத்துங்க, பொறகு துடைச்சி காத்துப் படாம வைங்க. அமத்திப் பிதுக்கிர வேலை மட்டும் வேணாம், உள்ளுக்க முட்டை உடைஞ்சா அதுவே கோழிய முடிச்சிரும்.

கல்லடிப்புள்ள:
நன்றி ராத்தா. இப்பதான் தூக்கிப் பாத்தன். வாலாட்டல் ஒண்டும் இல்ல, அடிவயிறும் மெதுவாத்தான் இருக்கு. ஆனா தூக்கக்குள்ள வாயால ஒரு புளிச்ச மணம் வந்திச்சி, பழஞ்சோத்துத் தண்ணி மாதிரி. நெஞ்சுக்கு மேல கழுத்தடியில ஒரு பக்கம் வீங்கின மாதிரியும் கிடக்கு. கட்டியா இருக்குமோ எண்டு பயமா இருக்கு.

படுவான்கரையான்:
தங்கச்சி அது கட்டி இல்ல, தீன் பை. கோழி திங்கிறது முதல்ல அதுக்குள்ளதான் போய் நிக்கும், அதுட வலப்பக்கம் கழுத்தடியில இருக்கும். பின்னேரம் நல்லா நிறைஞ்சி நிக்கும், இரவிரவா இறங்கி விடியக்குள்ள காலியாகிரும். இதத்தான் முதல் பாக்கணும், ஆனா ஒருத்தரும் பாக்கிறதில்ல, எல்லாரும் தூரத்தில நிண்டு கோழியப் பாத்திட்டு நோய்க்குப் பேர் வெக்கிறது.

ராணிக்கெட் எண்டு சொன்ன தம்பி, கோவிக்காதங்க. அது வைரஸ், வந்தா பக்கத்தில நிக்கிற கோழிகளையும் சுறுக்கா பிடிக்கும், கழுத்து முறுகும், கால் இறக்கை இழுக்கும், வாயத் திறந்து மூச்சு வாங்கும். உங்கட வீட்ட நடந்தது அதுவா இருக்கலாம். இஞ்ச மத்த நாலும் நல்லா நிக்கிது, அதுதான் எனக்கு யோசின. எண்டாலும் செவப்பிய இண்டைக்கே வேறாக்குங்க, தண்ணிச் சட்டியும் வேற. ராணிக்கெட்டுக்கு வந்த பொறகு மருந்தில்ல, வர முந்திப் போடுற தடுப்பூசிதான், வெங்காயத்துக்கு அது பயப்படாது. வெங்காயம் கூடினா கோழிக்கே கூடாது, ரத்தத்தக் கெடுக்கும்.

இப்ப இப்பிடிச் செய்ங்க. இண்டைக்கு இரவு தீன் ஒண்டும் வெக்காதங்க, தண்ணி மட்டும். காத்துப் போற காட்போட் பெட்டிக்குள்ள பழைய சீலை போட்டு விடுங்க, பெட்டிட ஒரு பக்கத்துக்கு மட்டும் சூடு படுற மாதிரி ஒரு பல்ப், அதுக்கு வெக்கையெண்டா மத்தப் பக்கம் போகும். கோழிட உடம்புச் சூடு சாதாரணமாவே 41 பாகை இருக்கும், நமக்கு அது கடும் காய்ச்சல். அதனால தொட்டுப் பாத்திட்டு காய்ச்சல் எண்டு பனடோல் குடுக்கிற வேல வேணாம், கனபேர் செய்யிறாங்க.

விடியக் காலம தண்ணி குடிக்க முந்தி அந்த இடத்தத் தடவிப் பாருங்க. காலியெண்டா பிரச்சின வேற இடத்தில. பிசைஞ்ச மா உருண்ட மாதிரி இறுக்கமா கிடந்தா அடைச்சிருக்கு. தண்ணி ஊத்தின பலூன் மாதிரி தளதளத்துப் புளிச்ச மணமும் வந்தா உள்ள கிடந்து புளிச்சிட்டு, அதுல ஒரு வகைப் பூஞ்சணம் பெருகும். நீங்க குடுத்த கப்சூல் அந்தப் பூஞ்சணத்த ஒண்டும் செய்யாது, அத அடக்கி வெச்சிருக்கிற நல்ல கிருமியத்தான் கொல்லும்.

இன்னொண்டு கேக்கணும். புதுசா என்ன திண்டிச்சி? கிட்டடியில வளவுல ஏதும் மாத்தினீங்களா?

கல்லடிப்புள்ள:
அண்ணன் நீங்க கேட்ட பொறகுதான் எனக்கு ஓடுது. வெள்ளாம வெட்டு முடிஞ்சி மாமா கொக்கட்டிச்சோலையில இருந்து ஒரு கட்டு புது வைக்கல் கொண்டு வந்து தந்தவர், முட்டை இடுற பெட்டிக்கு அதத்தான் போட்டன், இவ அதுக்குள்ள இருந்து இழுத்து இழுத்துத் திண்டவ. வளவெண்டா போன மாசம் மழைத் தண்ணி நிக்கிதெண்டு முத்தம் முழுக்க கொங்றீட் போட்டிட்டம்.

படுவான்கரையான்:
அதுதான் விசயம். கோழிக்குப் பல்லில்ல, அது விழுங்குற சின்னச் சின்னக் கல்லுதான் உள்ள இருந்து அரைக்கிற அம்மி. நீங்க முத்தத்த மூடிட்டீங்க, மேலால நீட்டு வைக்கலும் போட்டிட்டீங்க, அது உள்ள போய் கயிறு மாதிரிச் சுத்தியிருக்கும்.

இறுக்கமா இருந்தா தேங்காய் எண்ணைய உருக்கி ஆறவிட்டு ஒரு மில்லி, கூடினா ரெண்டு மில்லி. சிறிஞ்சில எடுத்து (ஊசி கழட்டிட்டு, சொல்லாட்டி ஆரும் கேப்பாங்க) சொண்டுட பக்கத்தால சொட்டுச் சொட்டா விடுங்க, அது தானா விழுங்கட்டும். நாக்குக்குப் பின்னால ஒரு ஓட்டை தெரியும், அதுதான் மூச்சுக் குழல், அதுக்குள்ள போச்செண்டா கோழி உங்கட கையிலயே போயிரும். பொறகு தீன் பைய விரலால மெதுவா அஞ்சி நிமிசம் பிசையுங்க, ஒரு நாளைக்கு மூணு நாலு தரம். தலைகீழாப் பிடிச்சி வாந்தி எடுக்க வெக்கிற வீடியோ எல்லாம் கிடக்கு, அதப் பாத்துச் செய்யாதங்க, எங்கட பெரியப்பா அப்பிடிச் செய்து நல்ல பேடு ஒண்டு போச்சு.

தளதளப்பு எண்டா எண்ணையெல்லாம் வேணாம், நேர மாட்டு டொக்டரிட்ட கொண்டு போங்க.

அக்கரைப்பற்று_ராத்தா:
மூணு நாள் ஒழுங்காத் திங்காத கோழி, தெம்பு இருக்காது. ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சிக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) இருந்தா பக்கட்டுல போட்டிருக்கிற அளவுல கரைச்சி வைங்க. இல்லாட்டி 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணிக்கு மட்டமா 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. ஆனா மெய்யாவே புளிச்சிருந்தா சீனித் தண்ணி வேணாம், பூஞ்சணத்துக்கு சீனி எண்டா கலியாண வீட்டுச் சாப்பாடு. வெறும் தண்ணி வைங்க. கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க தங்கச்சி, கோழிய மடியில வெச்சிட்டு அப்பிடியே சோத்துல கை வெக்கிற ஆளா இருப்பீங்க போல.

வாழைச்சேனைத்தம்பி:
தயிர் குடுக்கலாமா? நல்ல கிருமிக்கு நம்மட எருமத் தயிர் நல்லந்தானே.

படுவான்கரையான்:
தீன் பை இறங்கின பொறகு ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். கோழிக்குப் பால் சாமான் செமிக்கிறது கஸ்டம், ஒரு சட்டிய முன்னால வெச்சிராதங்க. மிச்சத்தச் சீனி போட்டு நீங்க சாப்பிடுங்க.

கல்லடிப்புள்ள:
விடியக் காலம அஞ்சரைக்கு எழும்பிப் பாத்தன். காலியாகல்ல. மேலால தளதளப்பு, உள்ள அமத்தினா கயிறு மாதிரி ஒரு உருண்ட. மணம் நேத்தைய விடக் கூட. ஓட்டோ பிடிச்சிக் கொண்டு போறன், பெட்டிக்குள்ள இருந்து ஒரு கண்ணால என்னப் பாக்குது.

கல்லடிப்புள்ள:
நாலு நாளைக்குப் பொறகு எழுதுறன், எல்லாரும் மன்னிக்கணும்.

லைன்ல எனக்கு முன்னால மூணு ஆட்டுக்காரரும் ஒரு நாயும். கோழியக் கொண்டு வந்ததுக்கு ஒரு ஐயா சிரிச்சவர், சிரிக்கட்டும். டொக்டர் தடவிப் பாத்த உடன அண்ணன் சொன்னதத்தான் சொன்னா, அடைச்சி அதுக்கு மேல புளிச்சிட்டாம். ஒரு குழாய் விட்டு உள்ள கிடந்த தண்ணிய எடுத்தா, அந்த மணத்த எழுதேலா. பூஞ்சணத்துக்கு ஒரு தண்ணி மருந்து தந்தா, ரெண்டாம் நாளில இருந்து எண்ணையும் பிசையிறதும் செய்யச் சொன்னா. கப்சூல் குடுத்ததுக்கு ஏச்சு. முட்டை இட்டாலும் தான் சொல்றவரைக்கும் திங்கவேணாமாம், மருந்து முட்டையிலயும் போகுமாம். அடைப்பு இறங்காட்டி தீன் பைய வெட்டித்தான் எடுக்கணும் எண்டவ, அந்த ரெண்டு இரவும் நான் நித்திர கொள்ளல்ல.

மூணாம் நாள் எச்சத்தில வைக்கல் துண்டு துண்டா வந்திச்சி. வாழ்க்கையில கோழி எச்சத்தப் பாத்து இப்பிடிச் சந்தோசப்பட்டதில்ல. இண்டைக்கு விடியப் பாத்தன், பை காலி. குழைஞ்ச சோறும் அவிச்ச மஞ்சக்கருவும் கொஞ்சம் திண்டிச்சி. குடுத்தது அம்மா. நான் குளிச்சிட்டு வரக்குள்ள குந்தி இருந்து ஊட்டிக்கொண்டிருக்கா, என்னக் கண்டதும் எழும்பி, சோறு மிஞ்சிட்டு அதான் எண்டா.

வைக்கல எடுத்திட்டு மரத்தூள் போட்டிரிக்கன். கல்லுக்கு என்ன செய்யிற? கடற்கரை மண் அள்ளிப் போட்டாச் சரியா?

படுவான்கரையான்:
கடல் மண் சரியான பொடி, உப்பும் இருக்கும். ஆத்து மணல அரிச்சி, மேல தங்குற பச்சரிசி அளவு குறுணிக் கல்ல நல்லாக் கழுவி ஒரு சிரட்டையில வைங்க, தீனோட கலக்காதங்க, வேணும் எண்டா அதுவே எடுக்கும். ஆனா செவப்பிக்கு இப்பவே வேணாம், ஒரு கிழமை போகட்டும். மத்த நாலுக்கும் தடுப்பூசி போட்டதா எண்டு நீங்க சொல்லவே இல்லயே?

கல்லடிப்புள்ள:
இல்ல அண்ணன். திங்கக்கிழம கேக்கிறன்.