எலுமிச்சையில் புழுக்கள் சாகின்றன, சில காணாமல் போகின்றன. உதவுங்கள்

மாடிச்செடி:
வணக்கம். தொட்டியில் ஒரு எலுமிச்சைச் செடி வைத்திருக்கிறேன். நான்கு வாரம் முன்னால் எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து தளிர் தளிராக உட்கார்ந்து முட்டையிட்டுப் போனது. குண்டூசித் தலை அளவில், இளமஞ்சளாக. பதினோரு புழுக்கள் வந்தன. முதலில் பறவை எச்சம் போலக் கிடந்தவை, வளர்ந்ததும் பச்சைக்கு மாறின. இலை போதாது என்று பயந்து புதிதாக ஒரு எலுமிச்சைக் கன்று வாங்கி, ஐந்து புழுக்களை அதில் விட்டேன்.

மறுநாள் காலை ஐந்தும் மண்ணில் கிடந்தன. வாயில் பச்சை நீர் வழிய, உடம்பை முறுக்கி முறுக்கித் துடித்தன. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிற இரட்டைக் கொம்பை நீட்டுமே, அதைக்கூட நீட்டவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டன.

பழைய செடியில் இருந்த ஆறில் நான்கை, நன்றாகக் கொழுத்த பிறகு காணவில்லை. மற்ற இரண்டும் கூட்டுப்புழு ஆயின. இலைகளுக்கு நடுவே இருப்பது பச்சை. காய்ந்த குச்சியில் இருப்பது பழுப்பு, பார்த்தால் சுள்ளி மாதிரி. அது செத்துவிட்டதா, எடுத்துவிடலாமா? நான் எந்த மருந்தும் அடிப்பதில்லை. நாலு நாளாக மனசே சரியில்லை.

எருக்கம்பூ:
பழுப்பை எடுக்காதீங்க! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் கூட்டுப்புழு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். பச்சை இலை, இளந்தண்டு நடுவே தொங்கினால் பெரும்பாலும் பச்சை. சொரசொரப்பான காய்ந்த குச்சி என்றால் பழுப்பு. இரண்டுமே உயிரோடு இருக்கும் நிறம்தான்.

புதுக் கன்றின் இலை எப்படி இருந்தது? எங்காவது ஓட்டை, பூச்சி அரித்த கோடு?

மாடிச்செடி:
ஒரு ஓட்டை இல்லை. பளபளவென்று இருந்தது, அதற்காகவே வாங்கினேன். புழுவை விடுவதற்கு முன் இலைகளை நன்றாகக் கழுவியும் விட்டேன்.

எருக்கம்பூ:
அங்கேதான் விஷயம். எலுமிச்சைக் கன்றில் ஒரு கடிகூட இல்லை என்றால் நான் சந்தேகப்படுவேன். விற்பனைக்கு வளர்க்கும் கன்றுகளுக்கு இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்து கொடுப்பது உண்டு. அது வேர் வழியே ஏறி இலைச்சாற்றிலேயே கலந்துவிடும். மேலே கழுவி என்ன பயன்? பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் செடிக்குள் தங்கும். நீங்கள் சொன்ன வாந்தியும் துடிப்பும் நஞ்சு உண்ட புழுவின் அறிகுறிகள். வைரஸ் நோயாக இருந்தால் வேறு மாதிரி இருக்கும்: புழு கருத்து, துவண்டு, தலைகீழாகத் தொங்கி, உள்ளே கூழாகிவிடும்.

அந்தக் கன்றைத் தனியே வைத்து, வேறு வண்ணத்துப்பூச்சி முட்டையிடாதபடி வலை போட்டு மூடுங்கள். பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், தேனிலும் மருந்து இறங்கும். நானாக இருந்தால் ஆறு மாதமாவது அதில் புழு விடமாட்டேன். அடுத்த செடியை விதை போட்டு நீங்களே வளர்ப்பது நல்லது. இன்னொன்று: ‘இயற்கை மருந்து’ என்று நம்பி வேப்பெண்ணெய், ‘பிடி’ (Bt) என்ற பாக்டீரியா மருந்து எதையும் தெளிக்க வேண்டாம். பிடியில் புழுக்களைக் கொல்வதற்கென்றே விற்கும் வகை இருக்கிறது.

தளிர்:
காணாமல் போன நாலும் செத்திருக்கும் என்று நினைக்காதீங்க அக்கா. கூட்டுப்புழு ஆவதற்கு முன்னால் புழு சாப்பிடுவதை நிறுத்தி, எச்சத்தை நீர்த்தாற்போலக் கழித்துவிட்டு நடக்கக் கிளம்பும். செடியை விட்டே இறங்கிப் போகும். தொட்டி விளிம்புக்கு அடியில், பெஞ்சு அடியில், சுவர் மூலையில் பாருங்க. குளவி, பறவை கொண்டுபோனதும் இருக்கலாம். அடுத்த தடவை இலையுள்ள ஒரு கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டி, இரண்டு மூன்று புழுக்களை உள்ளே விடுங்க, மிச்சம் வெளியே இருக்கட்டும்.

மழைத்துளி:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் பூ நிறைய, வண்ணத்துப்பூச்சியும் வருகிறது. ஆனால் ஒரு புழுகூடக் கண்ணில் படவில்லையே?

எருக்கம்பூ:
பூவுக்கு வருவது தேன் குடிக்க. முட்டையிட, புழு தின்னும் இலை வேண்டும், அதுவும் இனத்துக்கு ஒன்று. எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். எலுமிச்சை, கறிவேப்பிலைக்கு அழகிகள். சரக்கொன்றையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். இலை கடிபட்டால் பதறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடிச்செடி:
தேடினேன்! பெஞ்சுக்கு அடியில் ஒன்று, ஜன்னல் விளிம்பில் ஒன்று. பெஞ்சில் இருப்பது கனமாக இருக்கிறது. ஜன்னலில் இருப்பதில் சின்னதாய் ஒரு வட்ட ஓட்டை, ஊதினால் ஆடுகிறது.

தளிர்:
ஓட்டை போட்டது ஒட்டுண்ணிக் குளவி. கூட்டுக்குள் முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வந்திருக்கும். அதில் வண்ணத்துப்பூச்சி இல்லை. குளவியைத் துரத்த எதையும் அடிக்காதீங்க, தோட்டத்துக்கு அதுவும் வேண்டும்.

மாடிச்செடி:
பழுப்புக் கூட்டுக்குள் இன்று விடியற்காலை இறகின் கோலம் தெரிந்தது! இப்போது வெளியே வந்துவிட்டது. ஆனால் இறகு கசங்கிய துணி மாதிரி இருக்கிறது. பிரித்துவிடலாமா?

எருக்கம்பூ:
தொடவே கூடாதுங்க. உடம்பிலிருந்து திரவம் இறகு நரம்புகளுக்குள் ஏறினால்தான் அது விரியும். தொங்குவதற்குக் கால்பிடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடியில் கலங்கிய நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது கழிவு.

மாடிச்செடி:
குச்சியைப் பிடித்தபடியே தொங்கியது. மெல்ல மெல்ல விரிந்து, கருப்பும் மஞ்சளும் தெளிவானது. பின்னிறகு ஓரத்தில் அந்தச் சிவப்புப் பொட்டு! வெயில் ஏறியதும் இரண்டு முறை இறகை அடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. பெஞ்சில் இருப்பதற்காகக் காத்திருக்கிறேன். புதுக் கன்றுக்கு வலை போட்டாயிற்று, பழைய செடியில் மூன்று தளிர் விட்டிருக்கிறது.