75 ரூவா இந்தியக் காசு ஒரிஜினலான்னு பாக்கணும், உதவி பண்ணுங்க

வணக்கம் உறவுகளே, ஹட்டன்ல பழைய காசு விக்கிற ஒருத்தர்கிட்ட இந்தியா 2023ல புது பார்லிமென்ட் கட்டடத்துக்கு விட்ட 75 ரூவா காசு இருக்கு, 5, 10ன்னே பார்த்த கண்ணுக்கு 75ன்னா வேடிக்கைதான், ஆசை விடல. ஒரிஜினல் 44 மில்லிமீட்டர் அகலம், 35 கிராம், பாதி வெள்ளி, மிச்சம் செம்பு, நிக்கல், நாகம். ஆனா இவர்கிட்ட இருக்கிறது கையில லேசா இருக்கு, ஸ்பீக்கர் காந்தத்துல டக்குன்னு ஒட்டுது. கேட்டா "நிக்கல் இருக்குல்ல, அதான்"ங்கிறார், 5 சதவீத நிக்கலுக்கு அப்படியா ஒட்டும்? கேக்கிற சல்லியும் கொஞ்சநஞ்சமில்ல. ஒரிஜினல் வச்சிருக்கவங்க காந்தம் வச்சுப் பார்த்துட்டு, ஓரத்து வரியையும் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. கண்டி, நுவரெலியா பக்கம் வெள்ளி டெஸ்ட் பண்ணித் தர்ற நகைக்கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க, சனிக்கிழமை வரைக்கும்தான் வச்சிருப்பாராம்.