கெம்பஸ் தொடங்க முன் எந்த நிரலாக்க மொழி: சி பழகுவதா, பைதன் பழகுவதா?

மலைக்காற்று (ஹட்டன்):
கணினி பாடம் கிடைத்து முதலாம் வருடம் போகிறவர்கள் விடுமுறையில் சி தொடங்குங்கள். 5/2 என்று போட்டால் 2 தான் வரும். இரண்டும் முழு எண் என்பதால் பின்னம் வெட்டுப்படும். தரவு வகை (முழு எண்ணா, பின்னமா, எழுத்தா என்ற பிரிப்பு) ஏன் வேண்டும் என்று அங்கேயே மண்டையில் ஏறும். பைதன் 3 சும்மா 2.5 காட்டிவிட்டுப் போய்விடும்.

ஊவாக்காரன் (பதுளை):
அண்ணே, ஏ.எல். (உயர்தர) ஐ.சி.டி. (தகவல் தொழில்நுட்ப) பாடத்திட்டத்திலேயே பைதன்தானே? சி-யில் ஸ்கான்எஃப் (தட்டுவதை உள்ளே வாங்கும் கட்டளை) எழுதும்போது மாறிக்கு (பெறுமதி வைக்கும் பெயருக்கு) முன்னால் & விடுபட்டால் செக்மென்டேஷன் ஃபோல்ட் என்று ப்ரோகிராம் இடையில் விழக்கூடும். எந்த வரி என்றும் சொல்லாது. லூப்பே (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) விளங்காத பிள்ளைக்கு முதல் கிழமையே நினைவக முகவரி வைக்கும் பொயின்டரா?

மலைக்காற்று:
சி-யை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி-யை, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் -டபிள்யூஆல் சேர்த்து ஓட்டுங்கள். & விடுபட்டாலும், இஃப் நிபந்தனைக்குள் == (சமமா என்ற கேள்வி) க்குப் பதில் = (பெறுமதி இடுவது) போட்டாலும் வரி எண்ணோடு எச்சரிக்கும். அதை வாசிக்காமல் விடுவதுதான் பிரச்சினை.

ஊவாக்காரன்:
5 இடமுள்ள அணியில் (பெறுமதிகளை வரிசையாக வைக்கும் அமைப்பு) சுட்டி, அதாவது இட எண், 0 முதல் 4 வரை. லூப்பில் < 5 க்குப் பதில் <= 5 போட்டால் பக்கத்து நினைவகத்தைத் தொடும். வீட்டில் சரியாக ஓடும், லெப்பில் விழும். -டபிள்யூஆல் இதை எப்போதும் பிடிக்குமா? பைதன் இண்டெக்ஸ்எரர் (இட எண் பிழை) என்று அதே வரியில் நிற்கும்.

மலைக்காற்று:
பைதன் மட்டும் யோக்கியமா? தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை தருவது எண் அல்ல, எழுத்துச்சரம். 3, 4 வாங்கிக் கூட்டினால் 34! பிழைச்செய்தியே வராது. இன்ட்-க்குள் போட்டு முழு எண்ணாக மாற்ற வேண்டும் என்று யாராவது சொல்லும்வரை முழிக்க வேண்டியதுதான்.

தேயிலைத்தூள் (நுவரெலியா):
லெப்டொப் இல்லாதவர்களை இரண்டு பேரும் மறந்துவிட்டீர்கள். ஆண்ட்ராய்ட் போனில் டெர்மக்ஸ் (கட்டளை தட்டும் செயலி) போட்டு, பைதன், கிளாங் (சி கம்பைலர்) இரண்டையும் டவுனில் வைஃபை கிடைக்கும்போது ஒருமுறை இறக்கினால் போதும். பிறகு லயத்தில் (தோட்ட வரிசை வீட்டில்) சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும். ஆனால் போனில் பைதன் எழுதும்போது உள்தள்ளலுக்கு (வரியின் தொடக்க இடைவெளிக்கு) ஒவ்வொரு தடவையும் 4 ஸ்பேஸ் அடியுங்கள். டாப் விசையைக் கலந்தால் டாப்எரர் என்ற பிழை வரும். சி-க்கு அந்தத் தொல்லை இல்லை, அடைப்புக்குறிதான் தேடவேண்டும்.

ஊவாக்காரன்:
அது சரி. போன் எடுக்க முன் கொப்பியில் ட்ரேஸ் அட்டவணை போடட்டும்: மாறிக்கு ஒரு நிரல் (மேலிருந்து கீழ்), லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிரை (இடமிருந்து வலம்), உள்ளே மாறியின் பெறுமதி. விடைத்தாளில் கம்பைலர் வராது. அதற்கு பைதன்தான் லேசு, மாறிகளை அறிவிக்கும் வரிகள் இல்லை.

மலைக்காற்று:
அப்படியானால் ஏ = [1, 2], பி = ஏ, பிறகு பி-யில் 3 சேர்த்தால் ஏ-யின் நிரலில் என்ன எழுதுவீர்கள்? [1, 2, 3]. பெயர் இரண்டு, பட்டியல் ஒன்று. பொயின்டர் தெரியாத பிள்ளைக்கு இதை எப்படி விளக்கப்போகிறீர்கள், தம்பி?